படபடப்பு ஹிப்னோதெரபிக்குக் கேட்குமா?

கேட்கும். மனத்தை ஒன்றில் குவிய வைத்து, அந்த நிலையில் நல்ல யோசனைகளைப் பதிய வைக்கும் சிகிச்சை இது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் கேட்காது, எல்லாத் தொல்லைக்கும் கேட்காது. டென்ஷன் வந்தாலே வயிற்றைக் கலக்கும் ரகத்துக்கு நன்றாகவே கேட்கிறது. ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போகும் முன் வரும் பயத்துக்கும் பரவாயில்லை. வருஷக்கணக்காக எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவர்கள் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால்தான் செலவழித்த நேரத்துக்குப் பலன்.

பெயரிலேயே பாதிக் குழப்பம். 1840களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ஹிப்னாடிசம் என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டார். இது தூக்கமே இல்லை என்று தெளிந்ததும், மனம் ஒரே எண்ணத்தில் குவிவதைச் சொல்லும் வேறு பெயரை முன்வைத்தார். அதற்குள் பழையது ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால்தான், செஷன் முடிந்து எழுந்ததும் பலர் "எனக்கு எல்லாம் காதில் விழுந்ததே, அப்படியானால் வேலை செய்யவில்லையோ?" என்று கேட்கிறார்கள். காதில் விழத்தான் வேண்டும். குறட்டை விட்டுத் தூங்கிப்போனால்தான் அன்றைய செஷன் வீண்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சாகவே இருக்க வேண்டும். படபடப்பு எப்போது வருகிறது, உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது, என்ன மாத்திரை ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை காபி, தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாயிற்றா என்றெல்லாம் கேட்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதற்கு எத்தனை செஷன் உட்கார்ந்தும் பயனில்லை. இதையெல்லாம் விசாரிக்காமல் பத்தாவது நிமிஷத்தில் கண்ணை மூடச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

அடுத்த செஷன்கள் ஐம்பது, அறுபது நிமிஷம். முதலில் கண் சொருக வைக்கும் கட்டம். தலையை அசைக்காமல் நெற்றிக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். விழியை அப்படி மேலே தூக்கி வைத்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தசை சோர்ந்து இமை தானாகக் கனக்கும். அந்தக் கணத்தில் "இமை கனக்கிறது" என்று அவர் சொல்வார். சொன்னது நடக்கிறது என்று மனம் நம்பத் தொடங்குவது அங்கேதான். வித்தை அவ்வளவுதான், அதில் மந்திரம் எதுவும் இல்லை. பிறகு பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணி, படி இறங்குவதுபோல் ஆழப்படுத்துவார்கள். அடுத்த பதினைந்து இருபது நிமிஷம்தான் சரக்கு: சஜெஷன்கள், அதாவது மனத்தில் பதியச் சொல்லும் வாசகங்கள். கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி மெல்ல எழுப்புவார்கள். அந்த எண்ணிக்கையை அவசரப்படுத்தினால் தலை கனமாகவே இருக்கும். எழுந்த கையோடு வண்டி ஓட்டக் கூடாது.

சஜெஷனில்தான் கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் பிரிகிறார்கள். "பதறமாட்டீர்கள், பயப்படமாட்டீர்கள்" என்றால் மனசில் நிற்பது பதற்றமும் பயமும்தான். "மீட்டிங் அறைக் கதவின் கைப்பிடியைத் தொடும்போது தோள் தளர்கிறது, மூச்சு நீளமாக வெளியே போகிறது" என்று இடத்தையும் உடம்பையும் பிடித்துச் சொல்வதே நல்ல சஜெஷன். அதேபோல் எல்லாருக்கும் ஒரே கடற்கரையைக் காட்டுவது சோம்பேறித்தனம். தண்ணீர் என்றால் மிரளுகிறவரை அலைக்கு நடுவே நிறுத்தினால் படபடப்பு கூடத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கலைப் பலர் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேனிக் அட்டாக் (திடீரெனத் தாக்கும் கடும் பயம்) வருகிறவர்களில் சிலருக்கு, கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே நெஞ்சுத் துடிப்பு பெரிதாகக் கேட்கும், பிடி நழுவுவதுபோல் பயம் வரும். அவர்களைக் கண் திறந்தபடியே, உள்ளங்கால் தரையில் படுவதையோ கையில் பிடித்த பொருளின் குளிர்ச்சியையோ கவனிக்க வைக்க வேண்டும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று தள்ளிக்கொண்டே போகிறவருக்கு விஷயம் தெரியாது.

குடல் விஷயத்துக்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது. 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு, மருந்துக்கு மசியாத கடுமையான ஐபிஎஸ் (வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் என்று மாறி மாறிப் படுத்தும் குடல் தொல்லை) உள்ள 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹிப்னோதெரபி பெற்றவர்கள் தெளிவாகத் தேறினார்கள். பன்னிரண்டு மாதம் மருந்து எடுத்தும் குணம் தெரியாதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி. முறை எளிது: வயிற்றின் மேல் கையை வைத்து, வெதுவெதுப்பு உள்ளே பரவுவதாக உணரச் செய்வது, குடலை ஓர் ஆறாகக் கண்டு அதன் ஓட்டத்தைச் சீராக்குவது. வழக்கமாக ஏழு முதல் பன்னிரண்டு செஷன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது போன்றவை இருந்தால் முதலில் வயிற்று டாக்டர்.

யார் எவ்வளவு எளிதாக இந்த நிலைக்குள் போவார்கள் என்பதும் ஆளைப் பொறுத்தது. 1959இல் வந்த ஸ்டான்ஃபோர்டு அளவுகோல் பன்னிரண்டு சோதனைகளால் இதை அளக்கிறது. மிக எளிதாக ஆழ்ந்துபோகிறவர்கள் கொஞ்சம் பேர், அசையவே அசையாதவர்கள் கொஞ்சம் பேர், மிச்சப் பெரும்பாலோர் நடுவில். ஆழம் குறைவு என்பதற்காகக் கைவிட வேண்டாம். பதற்றத்தைத் தணிக்க லேசான நிலையே பெரும்பாலும் போதும்.

பலனை "கொஞ்சம் லேசாக இருக்கு" என்பதை வைத்து எடை போடாதீர்கள். ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் பட்டியலை முதல் செஷனுக்கு முன்பும் நான்காவதற்குப் பின்பும் நிரப்புங்கள். மொத்தம் 21 புள்ளி, பத்தைத் தொட்டால் மிதமான பதற்றம், பதினைந்தைத் தொட்டால் கடுமை. நான்கைந்து புள்ளியாவது இறங்காவிட்டால் சிகிச்சையாளரிடம் பேசி வழியை மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் நேர்மையாக ஒரு கணக்கு: வீட்டில் கேட்கத் தந்த ஆடியோவைத் தினமும் இருபது நிமிஷம் கேட்டீர்களா? வாரம் ஒரு செஷனோடு நிறுத்திக்கொள்வதும் இது பலிக்காமல் போவதற்கு ஒரு காரணமாகலாம். ஆடியோவும் தராமல், சுயமாகச் செய்யவும் கற்றுத் தராமல் இருபது செஷன் பேக்கேஜ் விற்பவரைத் தவிர்க்கலாம்.

அறவே விலக வேண்டிய இடம், பூர்வஜென்மம் காட்டுகிறேன், புதைந்த நினைவைத் தோண்டுகிறேன் என்கிற இடம். அந்த நிலையில் கற்பனையும் நினைவாகப் பதிந்துவிடும். பிறகு பிரிப்பது கஷ்டம். மனச்சிதைவு, உச்சக் கிளர்ச்சி (மேனியா), வலிப்பு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பதற்றம் தணிக்கத் தரும் பென்சோடயசிபைன் ரக மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பேகூட வரலாம்.

ஆன்லைனிலும் செய்யலாம். ஹெட்ஃபோன், தலையைத் தாங்கும் நாற்காலி, சைலன்ட்டில் போட்ட போன் இருந்தால் போதும். நடுவில் இணைப்பு அறுந்தால் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறார்கள். குரல் நின்ற சில நிமிஷத்தில் கண் தானாகத் திறக்கும், அல்லது சின்னத் தூக்கம் போட்டு எழுவீர்கள்.