வெளியாரை அழைப்பதா, அண்டை வீட்டாரோடு பேசுவதா?

இந்தியப் பெருங்கடல் நாடுகள் தங்கள் பாதுகாப்புக்கு வெளி வல்லரசை அழைப்பதா, தமக்குள் பேசித் தீர்ப்பதா என்பதுதான் கேள்வி. கடலூரில் குண்டு உப்பலவாடி போகும் பஸ்ஸைப் பார்த்தால் எனக்கு 1690 நினைவுக்கு வரும். மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர் பீரங்கி சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம்வரை ஊர்கள் அவர்களுக்கு. அந்தக் குண்டு இன்னும் ஊர்ப்பெயரில் இருக்கிறது.

பாதுகாப்புக்கு வெளி வல்லரசை அழைப்பது ஒரு வழி. பலன் உடனே தெரியும், அதுதான் அதன் கவர்ச்சி. ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயை நம்பினார்; முகமது அலி ஆங்கிலேயரை நம்பினார். சந்தா சாகிப் 1752இல் கொல்லப்பட்டார். ஜெயித்த முகமது அலி கடனில் மூழ்கினார். 1801இல் கர்நாடகம் எனப்பட்ட அந்த நவாப் ஆட்சியே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிற்று. நடுவே 1758இல் பிரெஞ்சுக்காரர் நம் தேவனாம்பட்டினம் கோட்டையைத் தரைமட்டமாக்க, 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்தார்கள். சண்டை அவர்களுடையது, மண் நம்முடையது. இன்று பீரங்கிக்குப் பதில் ஒப்பந்தம்: இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது.

அண்டை நாடுகள் தாமே பேசித் தீர்ப்பது இன்னொரு வழி. மெதுவானது, சலிப்பூட்டும். இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவித்து 1971இல் ஐ.நா. தீர்மானம் போட்டும், அந்தக் கடலில் உள்ள தியாகோ கார்சியா தீவில் அமெரிக்கப் படைத்தளம் அப்படியே நிற்கிறது. இதில் பெரிய நாடான நமக்கும் அடக்கம் வேண்டும். 1987இல் இலங்கைக்குப் போன நம் படையை அங்கே பலரும் வெளியாராகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் நான் இந்த வழிக்கே கைதூக்குவேன். இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் காரைக்கால் விசைப்படகை மீட்டுத்தர எந்த வல்லரசும் வராது. கொழும்போடு நாம்தான் பேசியாக வேண்டும்.