கேம்பர் வேனுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு

கலிபோர்னியாவில் வசிக்கும் நான், ஒரு சரக்கு வேனை வாங்கிக் குடும்பத்தோடு தங்கிச் செல்லும் கேம்பர் வேனாக மாற்றினேன். படுக்கை, சமையல் மேடை எல்லாவற்றையும் நானே செய்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியை மட்டும் அதற்கென்றே உள்ள ஒரு கடையிடம் ஒப்படைத்தேன். 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிதான் என் விருப்பமாக இருந்தது. ஆனால் கடைக்காரர், அது ஒரே இரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும் என்று அடித்துச் சொல்லி, புரொப்பேன் எரிவாயு, 12 வோல்ட் பேட்டரி, வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் இயங்கும் பெட்டியைப் பொருத்திவிட்டார்.

முதல் பயணத்தில் யோசெமிட்டி தேசியப் பூங்காவைக் கடந்து, டையோகா கணவாய் அருகே ஏறத்தாழ 9,700 அடி உயரத்தில் தங்கினோம். காற்று மெலிந்த அவ்விடத்தில் புரொப்பேன் சுடர் நிலைத்து எரியவே இல்லை. இவ்வகைப் பெட்டிகள் 5,500 அடிக்கு மேல் எரிவாயுவில் தடுமாறக்கூடும் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை உண்டு. அந்தக் கையேட்டைக் கடைக்காரர் எனக்குத் தரவில்லை. உள்ளே அப்பாவின் இன்சுலின் இருந்ததால், வேறு வழியின்றி 12 வோல்ட்டுக்கு மாற்றினேன். விடிவதற்குள் 100 ஆம்பியர்-மணி பேட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தது.

கம்ப்ரசர் பெட்டியின் மீது அவர் சுமத்திய குறை, உண்மையில் அவர் விற்ற பெட்டிக்கே உரியது என்பது அப்போதுதான் விளங்கியது. அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கிக் குளிரூட்டும் இப்பெட்டி, 12 வோல்ட்டில் சுடருக்குப் பதிலாக ஒரு ஹீட்டரை இடைவிடாமல் எரிக்கிறது; என்னுடையது 14 ஆம்பியர் இழுத்தது. கம்ப்ரசர் பெட்டியோ ஓடும்போது 4 அல்லது 5 ஆம்பியர் இழுத்து, குளிர்ந்ததும் நின்றுவிடுவதால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர்-மணியில் முடிந்துவிடுகிறது. மலையிரவு குளிராக இருந்ததால் இன்சுலின் கெடாமல் தப்பியது. மறுநாள் அருகிலுள்ள லீ வைனிங் என்ற சிற்றூரில் பனிக்கட்டி வாங்கி, மருந்து உறைந்துவிடாதபடி துண்டில் சுற்றிவைத்து ஊர் திரும்பினோம்.

அதன் பிறகு பெட்டி அறவே குளிரவில்லை. வெளிப்புறக் காற்றுத் துளையின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது குழாயடியில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. கரைசல் கசிந்தால் அதில் துருத் தடுப்பாகச் சேர்த்த சோடியம் குரோமேட் அப்படித்தான் படியும், அது நச்சுப்பொருள், கையால் தொடக்கூடாது. உட்புறத் தகட்டிலிருந்த தயாரிப்பு ஆண்டோ ஆறு ஆண்டுகள் பழையது: புதியதென்று பணம் வாங்கிக்கொண்டு பழைய பெட்டியைத் தந்திருக்கிறார். இவை எல்லாவற்றையும்விட என்னைப் பதறவைத்தது, பெட்டிக்கும் சுவருக்கும் இடையே அடைக்கப்படாமல் இருந்த இரண்டு விரல் இடைவெளி. சுடரின் புகையும் கார்பன் மோனாக்சைடும் நாங்கள் உறங்கும் இடத்துக்குள் வருவதற்கு அது போதும். அன்றிரவு சுடர் அணைந்ததே எங்கள் நல்லகாலம்.

கடையில் கேட்டபோது, சரிவில் நிறுத்தியதால்தான் கெட்டது என்றார். கரைசல் தன் எடையாலேயே ஓடவேண்டிய இப்பெட்டியைச் சமதளத்தில்தான் இயக்கவேண்டும் என்பது உண்மையே, ஆனால் விற்கும்போது அவர் அதைச் சொல்லவே இல்லை. ரசீதில் "குளிர்சாதனப் பெட்டி 1" என்று மட்டும் இருந்ததால் என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

சமதளத்தில் பல நாள் நின்றிருக்கும் பெரிய டிரெய்லருக்குப் புரொப்பேன் பெட்டி இன்றும் பொருந்தும். அதை வாங்குவோர் மாதிரிப் பெயர், வரிசை எண், தயாரிப்பு ஆண்டு மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பின்பக்க அடைப்பை நேரில் பார்த்து, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்திய பிறகே வேனில் உறங்குங்கள்.