எல்டிஓ-9 டேப் டிரைவ்: ஆய்வகத் தரவுக்கு வாங்கலாமா?

எல்டிஓ என்பது காந்த நாடாவில் தரவைப் பதிந்து வைக்கும் முறை, 9 என்பது அதன் ஒன்பதாம் தலைமுறை. நாடா இருக்கும் பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர், அதில் எழுதிப் படிக்கும் கருவிதான் டிரைவ். வாங்கலாம். ஆனால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள், இரண்டாக வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி (உறையவைத்த மாதிரிகளை எலக்ட்ரான் கற்றையால் படம் பிடிக்கும் கருவி) ஆய்வகத்தின் தரவுச் சேமிப்பகம். கருவி ஓடும் நாட்களில் டெராபைட் கணக்கில் படங்கள் கொட்டும். கட்டுரை வெளியாகும் வரை ஆராய்ச்சியாளர்கள் அந்த ஃபைல்களைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். வெளியான பிறகு எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அழிக்கவும் விட மாட்டார்கள். சில வருஷம் கழித்துப் புது மென்பொருள் ஒன்று வரும். உடனே, "அந்தப் பழைய மூலப்படம் எல்லாம் இருக்குல்ல?" என்று கேட்பார்கள். இருந்தாக வேண்டும். இப்படிப்பட்ட தரவுக்காக ஹார்டு டிஸ்க்குகளை இரவும் பகலும் சுற்றவிட்டு மின்சாரத்தையும் குளிரூட்டலையும் செலவழிப்பது வீண். அலமாரியில் கிடக்கும் கார்ட்ரிட்ஜுக்கு மின்சாரமே வேண்டாம். பிணையத்துக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேராலும் அதைத் தொட முடியாது.

இந்தக் காலத்தில் டேப்பா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம், எல்ஹெச்சி என்ற துகள் மோதல் இயந்திரத்தின் தரவை நீண்டகாலத்துக்கு வைத்திருப்பது டேப்பில்தான். அதற்கென்றே சிடிஏ என்ற மென்பொருளை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கார்ட்ரிட்ஜ் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்ளே அரை அங்குல அகலத்தில் 1035 மீட்டர் நாடா. தடிமன் 5.2 மைக்ரோமீட்டர்தான். கொள்ளளவு 18 டெராபைட். அட்டையில் பெரிய எழுத்தில் 45 என்று இருக்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. எங்கள் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்ட டிஃப் வகைப் பட ஃபைல்கள், இனி சுருங்க அதில் ஒன்றும் இல்லை. மரபணுத் தரவு வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் ஜிஜிப் மென்பொருளால் சுருக்கித்தான் வைத்திருப்பார்கள். பட்ஜெட் போடும்போது 18 என்றே போடுங்கள்.

டிரைவ் இரண்டு அளவுகளில் வருகிறது. முழு உயர டிரைவ் நொடிக்கு 400 மெகாபைட் எழுதும், பாதி உயர டிரைவ் 300. நான் முழு உயரத்தைத்தான் சொல்வேன். அதிலேயே ஒரு கார்ட்ரிட்ஜ் நிறையப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மொத்தம் 280 தடவை ஓடினால்தான் அது நிறையும் (போக ஒன்று, வர ஒன்று என்று கணக்கு).

அந்த வேகத்துக்குத் தீனி போடுவதுதான் பெரும்பாடு. தரவு தடையில்லாமல் வந்தால் டிரைவ் ஒரே சீரான ரீங்காரத்தோடு ஓடும். வரத்து குறைந்தால் ஓரளவு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி கிளம்பும். அறை வாசலில் நின்றாலே அந்தத் திக்கல் காதில் விழும். நாடாவும் தேயும், அதில் எழுதிப் படிக்கும் ஹெட்டும் தேயும். லட்சக்கணக்கான சின்ன ஃபைல்களைப் பகிர்வு டிஸ்க்கிலிருந்து நேராக டேப்புக்கு அனுப்பினால் இதுதான் கதி. முதலில் அவற்றை டார் என்ற ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றில் இறக்கி, அங்கிருந்து அனுப்புங்கள்.

புது கார்ட்ரிட்ஜை முதன்முறை போடும்போது பொறுமை வேண்டும். எல்டிஓ-9 ஒவ்வொரு புது நாடாவையும் தனக்கேற்ப அளவெடுத்துக்கொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் 2 மணி நேரம் வரை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். டிரைவ் செத்துவிட்டது என்று எங்கள் ஆய்வகத் தம்பி ஒருவர் பவர் பட்டன் வரை கையைக் கொண்டுபோய்விட்டார். நடுவில் நிறுத்தக்கூடாது. பெட்டி பெட்டியாக வாங்குபவர்கள் இந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டேப்புக்கான ஃபைல் அமைப்பான எல்டிஎஃப்எஸ் போட்டுக்கொண்டால் டேப் ஒரு சாதாரண டிரைவ் மாதிரித் திரையில் தெரியும். இழுத்துப் போட்டால் நகலாகும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஃபோல்டரைத் திறந்து சிறுபட முன்னோட்டம் காட்டும் வசதியை அணைக்காமல் விட்டீர்களென்றால், ஒவ்வொரு படத்துக்கும் நாடா அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடும். ஃபைலை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது, முழு டேப்பையும் மறுபடி ஃபார்மேட் செய்தால்தான் உண்டு. நிறைய ஃபைல்களைத் திரும்ப எடுக்கும்போது பெயர் வரிசையில் எடுக்காமல், நாடாவில் இருக்கும் வரிசையில் எடுங்கள். நேரம் நிறைய மிச்சமாகும்.

இனி அந்த இரண்டு டிரைவ் விஷயம். நாடா 30 வருஷம் தாங்கும் என்கிறார்கள். 16 முதல் 25 டிகிரிக்குள், ஈரப்பதம் ஏறாமல், நிற்கவைத்துப் பாதுகாத்தால் தாங்கும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அதைப் படிக்க டிரைவ் எங்கே? எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறை பின்னால் உள்ள டேப்பையும் படித்தார்கள். எல்டிஓ-8 முதல் அது ஒரு தலைமுறையாகச் சுருங்கியது. எல்டிஓ-9 டிரைவில் எல்டிஓ-8 டேப்பைப் படிக்கலாம், எழுதலாம், எல்டிஓ-7 டேப்பை அது தொடவே தொடாது. 2025-இல் வந்த எல்டிஓ-10 அதையும் கைகழுவிவிட்டது: வந்தபோதே ஒரு கார்ட்ரிட்ஜில் 30 டெராபைட் பிடித்தது, ஆனால் எல்டிஓ-9 டேப்பைப் படிக்காது. ஆக, 30 வருஷ உத்தரவாதம் நாடாவுக்குத்தான், உங்கள் தரவுக்கு இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1966, 67-இல் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் அனுப்பிய நிலாப் படங்கள் டேப்பில் பத்திரமாகத்தான் இருந்தன. நாற்பது வருஷம் கழித்து அவற்றைப் படிக்கக் கிளம்பியவர்களுக்கு நாடாவைவிடப் பெரிய தலைவலி, ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற பழைய இயந்திரத்தைப் பழுது பார்த்து ஓடவைப்பதுதான்.

அதனால் எங்கள் ஏற்பாடு இது: ஒரு டிரைவ் எழுத, இன்னொன்று படித்துச் சரிபார்க்க. எழுதிய டிரைவிலேயே சரிபார்த்தால், அதன் ஹெட் லேசாக விலகியிருந்தாலும் தான் எழுதியதைத் தானே படித்துவிட்டு நல்ல பிள்ளையாகத் தலையாட்டும். இன்னொன்றில் படித்து செக்சம் (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போனால்தான் டிஸ்க்கிலிருந்து அழிக்க அனுமதி. ஒவ்வொரு தொகுப்புக்கும் இரண்டு கார்ட்ரிட்ஜ், இரண்டும் வேறு வேறு கட்டடத்தில். எந்தக் கார்ட்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் டேப்பிலும் இருக்கும், வெளியே சாதாரண உரை ஃபைலாகவும் இருக்கும்.

சின்ன ஆய்வகமாக இருந்து, மொத்தத் தரவும் சில பத்து டெராபைட்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம். கார்ட்ரிட்ஜ் மலிவு, டிரைவ் அப்படியில்லை. நூறு டெராபைட்டைத் தாண்டி, வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். வாங்கும்போது, டிரைவைக் கணினியோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டும் கேபிளும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தர மாட்டார்கள். சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் அதே ஆர்டரில் போட்டுவிடுங்கள்.