கிளப் மெம்பர்ஷிப்: நுழைவுக் கட்டணத்துக்கு அப்புறம் வருகிற கணக்கு

கிளப்பில் சேர எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பவர்கள் எல்லாரும் நுழைவுக் கட்டணத்தைத்தான் கேட்கிறார்கள். அது ஒரே தடவை கட்டுகிற பணம், திரும்பி வராது, அத்தோடு போயிற்று. பையைக் கடிப்பது மாத பில். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து கிளப்புகளில் வருஷக்கணக்காகப் புழங்குகிறவர்கள் அறிந்த விஷயங்களை இங்கே சொல்கிறோம். தொகையும் விதியும் கிளப்புக்கு கிளப் மாறும்.

மாதச் சந்தா 750 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி 135. ஆக 885, வருஷத்துக்கு 10,620. ‘நம்ம கிளப்புக்கு நாமே கட்டுறதுக்கு வரியா?’ என்று எல்லாரும் கேட்கிற கேள்விக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. கல்கத்தா கிளப் வழக்கில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், உறுப்பினரும் கிளப்பும் வேறு வேறல்ல என்று சொல்லி, ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த சேவை வரியைத் தள்ளியது. 2021 நிதிச் சட்டம் ஜிஎஸ்டி சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை 1 முதலே கிளப்பையும் உறுப்பினரையும் தனித்தனி ஆளாக்கிவிட்டது. அந்தத் திருத்தம் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. இதையெல்லாம் கவுன்டரில் இருக்கும் கிளார்க்கிடம் வாதாடிப் பலனில்லை. அவர் சாஃப்ட்வேர் போடுகிற பில்லைத்தான் கொடுப்பார்.

சந்தாவுக்கு மேலே ‘மினிமம் பில்லிங்’ உண்டா என்று கேளுங்கள். மாதம் 500 என்று இருந்தால், நீங்கள் ஒரு டீ கூடக் குடிக்காவிட்டாலும் 500 ஏறும். செலவழிக்காத மீதி அடுத்த மாதத்துக்குப் போகுமா, அந்த மாதத்தோடு முடியுமா, மதுபான பில் இதில் சேருமா என்ற மூன்றையும் சேரும் முன்பே துணை விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. வாரம் இரண்டு நாளாவது வரமாட்டோம் என்று தெரிந்தால் சேராதீர்கள். விளையாட்டுக் கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

விண்ணப்பத்துக்கு முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் வேண்டும். இருவரும் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களாக, பாக்கி இல்லாதவர்களாக இருக்க வேண்டும். படிவம் திரும்பி வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்: முன்மொழிந்தவர் பெயரே பாக்கிப் பட்டியலில் இருக்கும். அதன்பின் உங்கள் பெயரும் போட்டோவும் அறிவிப்புப் பலகையில் சில நாள் தொங்கும். ஆட்சேபம் வரவில்லையென்றால் கமிட்டி கூப்பிட்டுப் பேசும். ‘என்ன விளையாடுவீங்க?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ‘சும்மா ரிலாக்ஸ் பண்ண’ என்ற பதில் கமிட்டிக்குப் புரியாமல் போகாது.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் ‘வெளிநாட்டு உறுப்பினர்’ அல்லது ‘ஊரில் இல்லாத உறுப்பினர்’ பிரிவு உண்டா என்று கேட்க வேண்டும். அதில் சந்தா குறையும். ஆனால் ஊருக்கு வந்ததும் எழுதிக் கொடுத்து வழக்கமான பிரிவுக்கு மாற்ற வேண்டும். சொல்லாமல் உள்ளே வந்து ஆடினால் பழைய தேதியிட்டு வித்தியாசத்தைப் பிடிப்பார்கள். மனைவிக்குக் கொடுக்கும் கார்டில் பெரும்பாலும் வாக்கு கிடையாது. உறுப்பினர் இறந்தால் அந்தக் கார்டு என்ன ஆகும் என்ற விதியை யாரும் படிப்பதில்லை. முதலில் படிக்க வேண்டியதே அதுதான்.

வசதிகளுக்கு வருவோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதை கிளப்பின் ஒவ்வொரு மூலையிலும் பார்க்கலாம். மண் டென்னிஸ் கோர்ட் ஜூன், ஜூலைச் சாரலில் ஒரு முறையும் அக்டோபர், நவம்பரில் ஒரு முறையும் படுத்துவிடும். மழை விட்ட உடனே இறங்கி ஆடினால் குதிகால் பதிந்த குழி அப்படியே காய்ந்து, பந்து கோணலாகத் துள்ளும். கோர்ட்டைப் பராமரிக்கும் மார்க்கர் தண்ணீரை ஒற்றி எடுத்து, லேசாக உலரவிட்டு, ரோலர் ஓட்டி முடிக்கும்வரை காத்திருங்கள். அவரை அவசரப்படுத்தினால் அடுத்த நான்கு நாள் யாருக்கும் ஆட்டம் இல்லை.

ஷட்டிலில் காற்றுதான் பிரச்சினை. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே மேற்குக் காற்று இன்டோர் கோர்ட்டின் வென்டிலேட்டர் வழியாகவும் நுழையும். மேற்குப் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டு ஆடுங்கள். இறகு ஷட்டில் வாங்கும்போது டப்பாவில் வேக எண் 76 அல்லது 77 என்று பார்த்து வாங்குங்கள். வெப்பமான இடத்தில் ஷட்டில் வேகமாகப் பறக்கும் என்பதால் எண் குறைந்தது தேவை. 78, 79 என்றால் கோர்ட்டின் பின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகும். இறகு சீக்கிரம் ஒடிகிறது என்றால் முதல் நாள் இரவே டப்பாவின் இரு மூடியையும் திறந்து, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் சில வினாடி இறகுப் பக்கமாகக் காட்டி, மூடி வைத்துவிடுங்கள். தக்கைப் பக்கம் ஆவி படக்கூடாது, எடை கூடிவிடும். ஷூ வெளியே போட்டு வந்ததாக இருக்கக்கூடாது. நான்-மார்க்கிங் அடி என்றாலும் கார் பார்க்கிங் மணல் ஒட்டியிருந்தால் மரத்தரை கீறும்.

ஸ்னூக்கர் டேபிள்தான் கிளப்பின் விலை உயர்ந்த சொத்து, அதிகம் அவதிப்படுவதும் அதுதான். 12 அடிக்கு 6 அடி, கற்பலகை மேல் கம்பளித் துணி. துணியின் ரோமம் ஆட்டம் தொடங்கும் ‘பால்க்’ முனையிலிருந்து கறுப்புப் பந்து முனை நோக்கிப் படிந்திருக்கும். பிரஷ்ஷும் அந்தத் திசையில் மட்டும்தான் போக வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் மெதுவாக உருளும் பந்து நடுவழியில் விலகும். மழைக்காலத்தில் துணி ஈரம் இழுத்துப் பந்து தவழும். அந்த மாதங்களில் ஏசியை ‘டிரை’ மோடில் ஒரு மணி நேரம் முன்பே போடச் சொல்லுங்கள். கியூ (ஆடும் கோல்) நுனியில் தேய்க்கும் சாக்கை எப்போதும் நீலப் பக்கம் மேலே இருக்க வையுங்கள். கவிழ்த்தால் விளிம்பில் பொடி ஒட்டி, அடுத்தவர் வெள்ளைச் சட்டையில் ஏறும். குஷன் மேல் கிளாஸ் வைப்பதும் விளிம்பில் உட்காருவதும் அபராதத்துக்கு உரியவை. கிழிசலுக்குத் துணி மாற்றும் செலவு கிழித்தவர் கணக்கில் ஏறும். கியூவைச் செங்குத்தாகப் பிடித்து அடிக்கும் மஸே ஷாட் பழக ஆசைப்படுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

சீட்டு அறையில் ரம்மி ஆடலாம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இலேயே சொல்லிவிட்டது. பின்னால் நின்று அடுத்தவர் சீட்டைப் பார்ப்பதும் போனில் பேசுவதும்தான் சண்டைக்குக் காரணம்.

சமையலறையை மதிப்பிட மெனு கார்டு போதாது, காலண்டரும் வேண்டும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுத் தடை. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் அடைப்பு. அப்போது நெய்மீன் கேட்டால் ஐஸில் கிடந்தது வரும், அல்லது விலை ஏறி வரும். மரச்சீனியும் நெத்தலிக் கறியும் கேளுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவது புதுசாக இருக்கும். ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா போன்ற உள்ளூர் விடுமுறை நாட்களில் முன்கூட்டி டேபிள் சொல்லாமல் குடும்பத்தோடு போகாதீர்கள்.

பார் உரிமம் எஃப்எல்2 வகை, உறுப்பினர்களுக்குப் பரிமாற மட்டும். அதனால்தான் விருந்தாளி கையெழுத்துப் போட்டு எதுவும் வாங்க முடியாது. பில் உங்கள் பெயரில்தான். நீங்கள் எழுந்து போனால் விருந்தாளியும் எழ வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு மது கிடையாது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம், வள்ளலார் தினம் போன்ற நாட்களில் பாரும் மூடல். பேரரிடம் ‘உள்ளே ஒரு பாட்டில் பாத்து எடுங்க’ என்று கெஞ்சுவது அவர் வேலைக்கே உலை வைக்கிற காரியம்.

உடை விஷயத்தில் இன்னும் குழப்பம் இருக்கிறது. 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் வாசலிலேயே நிறுத்தியது. அதே வருஷம் சட்டசபை தனிச் சட்டம் கொண்டுவந்தது: வேட்டிக்காக உள்ளே விட மறுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகலாம். ஆகவே வேட்டிக்குத் தடை இல்லை. அதை வைத்துக்கொண்டு சாரம் (லுங்கி) கட்டி வந்து வாதாடுபவர்களும் உண்டு. சாரம் வேறு, வேட்டி வேறு. காலர் இல்லாத டிஷர்ட்டும் குளியலறைச் செருப்பும் மாலை ஆறு மணிக்கு மேல் மெயின் ஹாலில் செல்லாது.

பேரரைக் கை தட்டியோ ‘ஏய்’ என்றோ கூப்பிடக்கூடாது. வயதானவர் என்றால் ‘அண்ணாச்சி’, இல்லையென்றால் பெயர். கையில் டிப்ஸ் வைப்பதும் பல கிளப்பில் விதிமீறல். ஊழியர் நல நிதிப் பெட்டியில் போட வேண்டும், பண்டிகைக்கு எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். டிப்ஸால் கிடைக்கும் தனிக் கவனிப்பைப் பக்கத்து டேபிள் கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.

வெளியூர் போகும்போது, நம் கிளப்போடு ஒப்பந்தம் உள்ள இணைப்பு கிளப்பில் தங்க, செயலாளரின் அறிமுகக் கடிதம் வேண்டும். மெம்பர் கார்டை மட்டும் நீட்டினால் பல இடத்தில் ரூம் தரமாட்டார்கள். புறப்படும் அன்று கேட்காமல் ஒரு வாரம் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

விலக நினைத்தால் வராமல் இருந்துவிடுவது வழியல்ல. சந்தா ஏறிக்கொண்டே போய், சேரும்போது கட்டிய டெபாசிட்டைத் தின்றுவிடும், பெயரும் பலகையில் ஏறும். செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். லாக்கர் சாவி, குடும்ப கார்டுகள் எல்லாவற்றையும் ஒப்படைத்து, கடைசி பில்லைக் கட்டி, ‘பாக்கி இல்லை’ சான்று பெறுங்கள். டெபாசிட் செக் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அப்புறம்தான் வரும். அதுவரை நுழைவு ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்.