பெடல் கெட்டியாக நின்றால் பிரேக் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள்

போடி, தேவாரம், கம்பம் பக்கம் பழைய ஜீப்போ பழைய லோடு வண்டியோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வீட்டுக்கே வந்து பிரேக் வேலை செய்து தருகிறேன் என்று ஒருவர் இங்கே வேலை பிடித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வண்டியில் அவர் செய்து வைத்த வேலையோடு, போடிமெட்டு மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றி இறங்கியிருந்தால் உயிர்ச் சேதம்தான். பெயரை எழுதப் போவதில்லை. என்ன செய்தார் என்று எழுதுகிறேன், அதை வைத்து உங்கள் வண்டியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுடையது 1974 மாடல் மஹிந்திரா ஜீப், நீள சேசிஸ், பின்னால் லோடு பெட்டி. வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த வண்டி, பிரேக்கும் அந்தக் காலத்து அமைப்புதான். நான்கு சக்கரத்திலும் டிரம், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் குடத்தை உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் வகை. டிரைவரின் காலடித் தகட்டுக்குக் கீழே, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். இப்போதைய வண்டிகளில் லைன் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு 1968-லேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் ஜீப்பில் அது கிடையாது. எந்த மூலையில் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும்.

பின்பக்கம் இடது சக்கரத்தின் உள்புறம் ஈரம் கண்டது, பெடலும் பாதிக்கு மேல் இறங்கியது. அதனால்தான் அவரைக் கூப்பிட்டோம். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் நான்கு வீல் சிலிண்டருக்கும் புதுக் கிட் (உள்ளே போடும் ரப்பர் செட்), மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட், புது பிரேக் ஆயில், லைனிலிருந்து ஏர் எடுக்கும் கூலி, எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் என்றார். அம்மா மட்டும் வீட்டில் இருந்த நேரத்தில் வேலை நடந்தது. சாயங்காலம் நான் வந்ததும், "மிதிச்சுப் பாருங்கண்ணே" என்றார். மிதித்தேன், கல் மாதிரி நின்றது. பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுத் தாளில் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

காலி வண்டியை தேனி சாலையில் ஓட்டிப் பார்த்தபோது ஷூ மேல் இருக்கும் லைனிங் கருகும் வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி ஒவ்வொரு டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். மூன்று டிரம் அனலாகக் கொதித்தன. ஒழுகிக்கொண்டிருந்த அந்தப் பின் இடது சக்கரத்தில் மட்டும் துளிச் சூடு இல்லை. பிரேக் பிடித்த எந்த டிரம்மும் கொஞ்சமாவது சுடத்தான் வேண்டும். அது சுடவில்லை என்றால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை.

மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்து, தம்பியைப் பெடலில் உட்கார வைத்து, பின் இடது சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திருகித் திறந்தேன். தம்பி மிதிக்கிறான், ஒரு சொட்டு வரவில்லை. காற்றுக் குமிழி கூட வரவில்லை. காற்று இருந்தால் புஸ்ஸென்றாவது வந்திருக்கும். எதுவுமே வரவில்லை என்றால் லைன் எங்கோ அடைத்திருக்கிறது. பைப்பைப் பின்தொடர்ந்து ஆக்சில் மேல் பைப் பிரியும் டீ ஜாயிண்ட்டில் நட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு பேரிங் குண்டு! அதை ஓட்டையில் வைத்து, பைப் நட்டால் இறுக்கி, ஒழுகும் சக்கரத்தையே லைனிலிருந்து வெட்டிவிட்டிருக்கிறார்.

நடுவழியில் பிரேக் பைப் உடைந்தால் அப்படி அடைத்து ஊர் வந்து சேருவது பழைய லாரிக்காரர்கள் அறிந்த அவசர வழிதான். அதைச் செய்துவிட்டு, சொல்லாமல் மறைத்து, அந்தச் சக்கரத்துக்கும் புதுக் கிட் போட்டதாகக் காசு வாங்குவது அயோக்கியத்தனம். ஈரச் சாலையில் இறக்கத்தில் மிதித்தால் பின்னால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும்.

மற்ற மூன்று ஏன் கொதித்தன? பெடல் கெட்டியாகத் தெரிய ஷூவை அளவுக்கு மீறி வெளியே தள்ளி டிரம்மோடு உரச வைத்திருந்தார். டிரம் பிரேக்கில் இது ரொம்பச் சுலபமான ஏமாற்று. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி இல்லையென்றால் லைனில் கொஞ்சம் காற்று இருந்தாலும் பெடல் மேலேயே நின்றுவிடும். ஆனால் உரசுகிற டிரம் ஆயிலைச் சூடாக்கும். அவர் ஊற்றிய ஆயிலோ கறுப்பு. மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுவந்ததாக அம்மா சொன்னார்கள். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சீல் பிரிக்காத டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அதன் வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும். டிரம்களைக் கழற்றிப் பார்த்தால் நான்கு வீல் சிலிண்டரிலும் வெடித்த பழைய ரப்பர் கப்புகள், துடைத்து மாட்டியிருக்கிறார்.

போன் செய்தேன். "அந்த சிலிண்டர் கடையில கிடைக்கலண்ணே, மூணு வீல் பிடிச்சாப் போதும், பழைய வண்டிதானே" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. பழைய வண்டியில் போகிறவர்களும் மனிதர்கள்தான். சிலிண்டர் கிடைக்கவில்லை என்பதும் பொய். நான் தேனியில் கேட்ட முதல் கடையிலேயே இருந்தது. பின் இடது சிலிண்டரின் உட்சுவர் துரு அரித்திருந்ததால் அதை மட்டும் முழுதாகப் புதிதாக வாங்கினேன்.

ஆகவே யாரிடம் வேலை கொடுத்தாலும், கடைசியில் நான்கு நிப்பிளிலும் ஆயில் வருவதைக் கண்ணால் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். வலது பக்க ஸ்டியரிங் ஜீப்பில் அது பெரும்பாலும் பின் இடது. தெளிவான டியூபை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். ஒருவர் நிதானமாக மிதித்துப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்து, பெடலை விடுவதற்கு முன் மூட வேண்டும். காலடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் கொஞ்சம்தான் பிடிக்கும், நடுநடுவே ஊற்றாவிட்டால் மறுபடி காற்று ஏறும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்ற விடாதீர்கள். வேலை முடிந்ததும் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள், இறுக்கமாக உரசக் கூடாது. பெடலில் அரை அங்குலம் சும்மா ஆடும் இடைவெளியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கழற்றிய பழைய ரப்பரையும் ஆயில் டப்பாவையும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சாமான் எத்தனை என்று பில்லில் எழுதச் சொல்லி கையெழுத்து வாங்குங்கள். என்னிடம் இருப்பது தொகை மட்டும் எழுதிய தாள். அதோடு குண்டு இருந்த ஜாயிண்ட்டின் படங்களையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. உங்கள் வண்டியிலும் இப்படிக் குண்டு வைத்து அடைத்திருந்தால் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள், என்னிடமும் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் போலீஸ் நிலையத்துக்கே போகலாம்.