நெட்வேர் 4-ம் என்டி 4-ம் ஒரே வயரில்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

நோவெல் நிறுவனத்தின் சர்வர் மென்பொருளான நெட்வேருக்கு, பயனர்களையும் சாதனங்களையும் ஒரே மரமாக வைக்கும் என்.டி.எஸ். டைரக்டரி 1993-லேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி விற்பனைக்கு வந்தது 2000 பிப்ரவரியில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் பல அலுவலகங்களில் ஃபைலும் பிரிண்டும் நெட்வேரில், டேட்டாபேஸும் மெயிலும் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் என்டியில். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவருக்கு எது வேகம் என்ற சண்டையில் அக்கறை இருக்காது. ஒரு நிறுவனம் தாமதித்த இடத்தில் இன்னொன்று போட்ட ஒட்டு எப்போது பிய்யும் என்பதுதான் கவலை.

முதல் ஒட்டு, விண்டோஸ் 95. அது 1995 ஆகஸ்டில் வந்தபோது நோவெல்லின் 32 பிட் கிளையன்ட் (சர்வரோடு இணைக்கும் மென்பொருள்) தயாராகவில்லை. விண்டோஸோடு வந்த மைக்ரோசாஃப்ட்டின் நெட்வேர் கிளையன்டுக்கோ அப்போது பழைய பைண்டரி (நெட்வேர் 3.x சர்வர் ஒவ்வொன்றும் தனித்தனியே வைத்திருந்த பயனர் பட்டியல்) மட்டுமே தெரியும், என்.டி.எஸ். தெரியாது. ஆகவே நெட்வேர் 4.x சர்வரை 3.x போல வேஷம் போட வைக்க வேண்டியிருந்தது. கண்சோலில் ‘செட் பைண்டரி கான்டெக்ஸ்ட்’ என்று கொடுத்து, பயனர்கள் இருக்கும் கன்டெய்னரின் (டைரக்டரி மரத்தின் ஒரு கிளை) பெயரை எழுதி, அதே வரியை சர்வர் தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் என்சிஎஃப் ஃபைலிலும் போட்டால் வேலை முடிந்தது போலத் தெரியும். முடியவில்லை. அந்தக் கன்டெய்னர் இருக்கும் பார்ட்டிஷனின் (டைரக்டரியின் ஒரு பகுதி) எழுதக்கூடிய ரெப்ளிகா (நகல்) அதே சர்வரில் இருந்தாக வேண்டும். பல மாதம் கழித்து யாராவது ‘ரெப்ளிகா அதிகமாகிவிட்டது’ என்று ஒன்றை நீக்குவார். மறுநாள் காலை விண்டோஸ் 95 மெஷின்கள் மட்டும் லாகின் ஆகாது. என்.டி.எஸ். வழியே போகும் டாஸ் மெஷின்கள் ஒழுங்காக உள்ளே போகும். கேபிளையும் கார்டையும் நோண்டி அரை நாள் போகும்.

லாகின் ஆனாலும் டிரைவ் எழுத்துகள் வராமல் போகலாம். பைண்டரி வழியாக வருபவருக்கு, டிரைவ் எழுத்துகளை ஒதுக்கும் கன்டெய்னரின் லாகின் ஸ்கிரிப்ட் ஓடாது. சர்வரின் முதன்மை டிஸ்க் பகுதியான சிஸ் வால்யூமின் பப்ளிக் டைரக்டரியில் உள்ள பழைய ‘நெட் டாலர் லாக்’ ஃபைல்தான் ஓடும். ஒரே மேப்பிங்கை இரண்டு இடத்தில் எழுதி, மாற்றும்போதும் இரண்டிலும் மாற்ற வேண்டும். இரண்டு கன்டெய்னரில் ஒரே பெயரில் ஆள் இருந்தால், வரிசையில் முதலில் வருபவர்தான் கிடைப்பார்.

நெட்வேரின் சொந்தக் கோளாறு நேரம். டைரக்டரியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேர முத்திரை விழும். ஒரு சர்வரின் கடிகாரம் ஓராண்டு முன்னால் ஓடிவிட்டால், அதற்குள் நடந்த மாற்றங்கள் எல்லாம் எதிர்காலத் தேதியில் பதிவாகும். கடிகாரத்தைச் சரி செய்ததும் கண்சோலில் ‘சிந்தெட்டிக் டைம்’ (செயற்கை நேரம்) செய்தி கொட்டத் தொடங்கும். வித்தியாசம் சில மணி நேரம்தான் என்றால் கை வைக்காதீர்கள், உண்மை நேரம் எட்டிப் பிடித்ததும் தானே நிற்கும். மாதக்கணக்கு என்றால் மாஸ்டர் ரெப்ளிகா உள்ள சர்வரில் டிஎஸ்ரிப்பேர் என்ற பழுதுபார்க்கும் கருவியைப் போட்டுப் புது எபாக் (நேர முத்திரைகளுக்குப் புதுத் தொடக்கம்) அறிவிக்க வேண்டும். மற்ற ரெப்ளிகாக்கள் அனைத்தும் முழுதாக மறுபடி அனுப்பப்படும் என்பதால் வார இறுதிக்கு வையுங்கள். சிஸ் வால்யூம் நிரம்பினாலும் டைரக்டரி எழுதுவதை நிறுத்திவிடும். பிரிண்ட் கியூவை வேறு வால்யூமில் வைத்தால் பாதி ஆபத்து குறையும்.

என்டி பக்கம் டைரக்டரி என்று சொல்ல ஒன்றும் இல்லை, டொமைன்தான் (ஒரே கணக்குப் பட்டியலைப் பகிரும் மெஷின்களின் குழு). அந்தப் பட்டியலில் எழுதக்கூடியது முதன்மை டொமைன் கன்ட்ரோலர் (PDC) ஒன்றே. அது படுத்தால் லாகின் நடக்கும், பாஸ்வேர்டு மாற்ற முடியாது. டிரஸ்ட் (ஒரு டொமைன் மற்றதன் கணக்குகளை ஏற்பது) ஒருவழிப் பாதை, கைமாறிப் போகாது: ஐந்து டொமைன் ஒன்றை ஒன்று முழுதாக நம்ப 20 டிரஸ்ட் வேண்டும். மெதுவான லைனில் கடிப்பது வேறொன்று. கணக்கு மாற்றங்களைக் குறித்துவைக்கும் மாற்றப் பதிவின் அளவு வழக்கமாக 64 கேபி, சுமார் 2,000 மாற்றங்கள் கொள்ளும். ஒரே நாளில் பெருந்தொகையாகக் கணக்குகளை ஏற்றினால் அது வழிந்து, கிளைகளில் உள்ள பேக்கப் டொமைன் கன்ட்ரோலர்கள் (BDC) முழு தரவையும் இழுக்கத் தொடங்கும். அப்படி ஏற்றும் முன் ரெஜிஸ்ட்ரியில் ‘சேஞ்ச்லாக்சைஸ்’ மதிப்பைக் கூட்டுங்கள், 4 எம்பி வரை போகலாம். சாதாரண சர்வரைப் பின்னால் டொமைன் கன்ட்ரோலராக மாற்ற வழியில்லை, மறுபடி நிறுவத்தான் வேண்டும். அதை வாங்கும் நாளிலேயே தீர்மானியுங்கள்.

இதற்கெல்லாம் மருந்து என்டி 5.0 என்றார்கள். முதல் பீட்டா 1997 செப்டம்பரில். 1998 அக்டோபரில் பெயர்தான் விண்டோஸ் 2000 என்று மாறியது, சரக்கு வரவில்லை. காத்திருந்தவர்கள் சர்வீஸ் பேக்கில் (என்டிக்கான திருத்தத் தொகுப்பு) பிழைத்தார்கள். அதிலும் அவசரம் ஆகாது: 1999-ல் வந்த எஸ்பி6 (ஆறாவது சர்வீஸ் பேக்), நிர்வாகி உரிமை இல்லாத பயனர்களின் லோட்டஸ் நோட்ஸ் இணைப்பை முடக்கியது, சில வாரங்களில் எஸ்பி6ஏ வந்தது. மூல சிடியிலிருந்து ஏதேனும் நெட்வொர்க் சேவையைச் சேர்த்தால் சர்வீஸ் பேக்கை மறுபடி போட மறக்கக் கூடாது; பழைய டிஎல்எல் (நிரல் ஃபைல்) மேலே ஏறிக்கொள்ளும்.

எல்லா மெஷினிலும் நோவெல் கிளையன்ட் ஏறிய பிறகும் அந்தப் பைண்டரி கான்டெக்ஸ்ட் வரியை உடனே அழிக்காதீர்கள். பைண்டரி கியூவை மட்டும் அறிந்த பழைய பிரிண்ட் சர்வர் பெட்டிகள் அதை நம்பித்தான் இருக்கும். அலுவலகம் மூடியபின் கண்சோலில் மட்டும் மதிப்பைக் காலியாக்கி, ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்துவிட்டு ஃபைலில் கை வையுங்கள்.