6,400 ரிங்கிட் இன்னும் வரவில்லை: பொங்கல் நிகழ்ச்சிக்கு ஆடப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று இரவு பத்தரை மணிக்கு என் மாணவி ஒரு சுவரொட்டியை அனுப்பினாள். பொங்கல் கலைநிகழ்ச்சிக்கு நடனக் குழுக்கள் தேவையாம். கூப்பிடுவது யார் என்று பார்த்தால், எங்களுக்குத் தர வேண்டிய 6,400 ரிங்கிட்டைத் தராமல் இரண்டரை மாதமாக இழுத்தடிக்கும் அதே நிறுவனம். சுவரொட்டியின் நடுவில் இருப்பது எங்கள் பிள்ளைகள். தீபாவளிக்கு ஆடியபோது எடுத்த படம். ஆடியதற்குக் காசு தரவில்லை, அந்தப் படத்தைக் காட்டியே அடுத்த குழுவைப் பிடிக்கிறார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

வழக்குப் போடப் போவதால் பெயரை எழுதவில்லை. கோலாலம்பூரில் பேரங்காடிகளுக்கு விழா நடத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனம், நடத்துகிறவர் நம் தமிழ்ப் பெண்மணி. இப்போதைக்கு இது போதும்.

நான் செந்தூலில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பரதம் சொல்லித் தருகிறேன். செப்டம்பரில் ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே அவர் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளைகள் தட்டடவு போடுவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் தரையில் கிடந்த என் சலங்கையைக் குனிந்து எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "நானும் ஆடினவதான் டீச்சர். கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப்போச்சு" என்றார். குரல் கொஞ்சம் கம்மியது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். சலங்கையைக் கண்ணில் ஒற்றுகிறவர் ஆடுகிறவளின் வயிற்றில் அடிப்பாரா? அன்றிலிருந்து அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஒப்பந்தம் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.

பேசியது இதுதான்: தீபாவளிக்கு முந்தின இரண்டு வார இறுதிகள், நான்கு நிகழ்ச்சி, ஒன்றுக்கு 1,600. மொத்தம் 6,400 ரிங்கிட். ஆறு பிள்ளைகள், ஒரு நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 200. மீதியில்தான் உடை வாடகை, ஒப்பனை, இசையைச் சேர்த்துத் தருகிறவர், வேன் எல்லாம். "அரசாங்க ஒதுக்கீடு இருக்கு டீச்சர், காசு எங்கயும் போகாது. இன்வாய்ஸ் கொடுத்தா முப்பது நாள்ல கைக்கு வந்துடும்" என்றார். முன்பணம் கேட்டேன். அரசாங்கக் காசு என்பதால் முன்பணம் கொடுக்க முடியாது என்றார். அதையும் நம்பினேன்.

பிறகு ஒரு படிவம் வந்தது. என்ன சேவை என்பதற்குக் கட்டங்கள்: பந்தல், ஒலிபெருக்கி, உணவு, பூ அலங்காரம், பாதுகாப்பு. நடனத்துக்குக் கட்டமே இல்லை. 'மற்றவை'யில் டிக் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த ஒரு டிக்கில் நாங்கள் தொழிலாளிகள் இல்லை, சரக்கு கொண்டுவந்து இறக்குகிற வியாபாரிகள் என்று ஆகிவிட்டது. பிறகு சம்பளம் எங்கே என்று கேட்டபோது, "நீங்க வெண்டர்தானே, சம்பளம்னு ஏன் சொல்றீங்க?" என்றார்கள்.

மரமேடை தருவோம் என்று சொன்னவர்கள் பளிங்குத் தரையில் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள். வெறுங்காலில் தட்டி ஆடுகிற கலை இது. அடியில் சிமென்ட் இருந்தால் ஒவ்வொரு தட்டும் நேராக முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறும். ஆடை மாற்றத் தந்த இடம் அவசரப் படிக்கட்டு. ஒருத்தி புடவை மடிப்பைச் சரிசெய்ய இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது நாள் தீர்மானத்தின்போது (அடவுகளை வேகமாகக் கோத்து ஆடி முடிக்கும் பகுதி) கம்பள ஓரம் மடங்கி, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. தசைநார் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். 380 ரிங்கிட் அவள் அப்பா கட்டினார். அவர் லாரி ஓட்டுகிறவர். நான்காவது நாள் அவள் இடத்தில் நானே ஆடினேன். அவளுடைய பங்கை அவளுக்கே கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு சொக்சோவில், அதாவது வேலையில் அடிபட்டால் உதவும் அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு அமைப்பில், ஒரு திட்டம் இருக்கிறது. 2017 சட்டம் டாக்சி ஓட்டுநர்களிடம் தொடங்கியது, 2020இல் கலைத்துறைக்கும் வந்தது. மாதத்துக்கு 20 ரிங்கிட்டுக்கும் குறைவான தொகையிலிருந்து கட்டலாம். எனக்கு இது அவள் கால் பிசகிய பிறகுதான் தெரியும். பதினான்கு வருஷமாகச் சொல்லித் தருகிறேன், பிள்ளைகளைச் சேர்த்து வைக்கவில்லை. இது என் தப்பு.

கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். "ரிப்போர்ட்டுக்கு வேணும் டீச்சர், சிரிங்க" என்று இருபது நிமிஷம் படம் எடுத்தார்கள். கால் கட்டுடன் பார்க்க வந்த பெண்ணையும் நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தார்கள்.

அப்புறம் தொடங்கியது. முப்பது நாள் முடிந்ததும் கேட்டேன்: "கணக்குப் பிரிவுல இருக்கு." டிசம்பர் முதல் வாரம்: "இன்வாய்ஸ்ல முகவரி தப்பு, மாத்திக் கொடுங்க." மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம்: "இரண்டாம் தவணை இன்னும் வரலை, எங்களுக்கே வரலை." நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண், மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு வாட்ஸ்அப்பில் வந்தது: "டீச்சர், உங்க வீடியோவை மூவாயிரம் பேர் பார்த்திருக்காங்க. கலையைக் காசால அளக்கலாமா?" நான் பதில் எழுதினேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னைத் தடுத்துவிட்டார்.

6,400 ரிங்கிட். பெரிய நிறுவனத்துக்கு ஒரு நாள் பூ அலங்காரச் செலவு. ஆறு பிள்ளைகளுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்று என் வளையல் இரண்டை அடகுக் கடையில் வைத்து 2,400 கொடுத்தேன். ஆளுக்கு 400. ஒத்திகை 45 மணி நேரம், நிகழ்ச்சி நாட்களில் காத்திருப்பும் சேர்த்து 20 மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்கு 6 ரிங்கிட் 15 காசு. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ஆன பிறகு மணிக்கு 8.72. அதுகூட எங்கள் பிள்ளைகளுக்கு எட்டவில்லை, அந்த ஆறு ரிங்கிட்டும் என் வளையலிலிருந்து வந்தது.

என் ஆத்திரம் அந்த அம்மாவோடு நிற்கவில்லை. அவர் சொன்னது உண்மையானால் இது நம் எல்லாருடைய வரிப்பணம். நடனத்துக்குப் பொதுப்பணம் வேண்டும் என்று நானும் பல கூட்டத்தில் பேசியிருக்கிறேன், இன்னமும் பேசுவேன். 1981இல் கோலாலம்பூரில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கியது, 1983இல் நடனக் கலைஞர் ராம்லி இப்ராகிம் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஊரில் ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. 2017இல் கலைக்கு உதவும் செண்டானா அமைப்பு வந்ததிலிருந்து கலைக்கென்றே மானியமும் இருக்கிறது. ஆனால் எந்த ஒதுக்கீடாக இருந்தாலும் பணம் ஏற்பாட்டாளரிடம் போய் நின்றுவிட்டால் ஆடுகிறவளுக்கு என்ன லாபம்? ரிப்போர்ட்டுக்கு எங்கள் சிரிப்பு வேண்டும் என்றார்கள். ஆறு பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் காசு ஏறியதா என்று காட்டும் ரசீதும் அந்த ரிப்போர்ட்டில் இருக்கட்டும். பணம் ஒதுக்குகிறவர்களே, அது இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஒத்திகைக்கும் கூலி, மரமேடை, காப்புறுதி, மூன்றும் செலவுத் திட்டத்தில் தனித்தனி வரியாக எழுதப்பட வேண்டும். ஒலிபெருக்கிக்கு எழுதுகிறார்கள், பந்தலுக்கு எழுதுகிறார்கள், காலுக்கு எழுத முடியாதா?

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன். நேரமில்லை, அவசரமாகச் சொல்கிறேன். பாதிப் பணம் வராமல் ஒத்திகையைத் தொடங்காதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு போதாது, கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பணம் என்று வரும் என்பதற்குத் தேதி எழுதி வாங்குங்கள், "ஒதுக்கீடு வந்ததும்" என்ற வார்த்தை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனத்தின் பதிவை எஸ்.எஸ்.எம்மில் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) பாருங்கள். மேடையை முதல் நாளே போய்க் காலால் தட்டிப் பாருங்கள். பிள்ளைகளை சொக்சோவில் சேருங்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் வழக்குப் போடலாம், படிவம் 198. ஆனால் 5,000 ரிங்கிட் வரைதான். எங்களுடையது 6,400. மீதி 1,400ஐ விட்டுவிட்டு 5,000க்குப் போடலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 1,400 ஏறக்குறைய இரண்டு பிள்ளைகளின் முழுச் சம்பளம்.

பொங்கலுக்குக் கூப்பிட்டு உங்களுக்கும் செய்தி வந்திருந்தால், ஆட ஒத்துக்கொள்வதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் படம் இருக்கும் அந்தச் சுவரொட்டியை யாரும் பகிராதீர்கள். கணுக்கால் பிசகிய பெண்ணுக்கு இன்று நாலு மணிக்குக் கால் பயிற்சி சிகிச்சை. அவள் அப்பாவுக்கு லாரி ஓட்டுகிற வேலை இருக்கிறது, நான்தான் கூட்டிப் போக வேண்டும்.